சைவ்ஸும் சின்ன உள்ளியும்: கெட்டது யாருடைய கைராசி?

திருச்செந்தூர் மாதிரி ஒரு கடற்கரை ஊரில் சைவ்ஸ் விதையை வாங்கிப் போட்டு, அது முளைக்காமல் போய், அல்லது முளைத்த பத்தாம் நாளே வதங்கிப் போய், "நம்ம கைக்கு ஒண்ணும் வராது" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை. குறை அந்த விதையை இந்த ஊருக்கு விற்கிற வியாபாரத்தில் இருக்கிறது. குளிர்நாட்டுப் புத்தகத்தை வரிக்கு வரி தமிழில் பெயர்த்துப் போட்டுவிட்டு அதைத் "தோட்டக் குறிப்பு" என்று சொல்கிற உபதேசத்தில் இன்னும் அதிகமாக இருக்கிறது. அடுக்களைக் கூடையில் தானாகவே முளைத்துக் கிடக்கும் சின்ன உள்ளியைக் குப்பையில் எறிந்துவிட்டு, அதன் ஒன்றுவிட்ட தங்கச்சியைக் கூரியரில் வரவழைப்பது மாதிரி ஒரு வேலை உலகத்தில் வேறு உண்டா? வாதம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் இந்த சைவ்ஸ் என்பது என்ன? பெயரைக் கேட்டு ஏதோ சைவச் சாப்பாட்டு சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெங்காயம், பூண்டு இவற்றின் குடும்பம் அது. தாவரவியலில் அல்லியம் ஸ்கீனோப்ரேசம் என்று பெயர். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருந்து வெங்காயத்தையும் பூண்டையும் ஒதுக்கி வைக்கிற வீட்டில், நியாயமாகப் பார்த்தால் சைவ்ஸையும் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்! புல் மாதிரி மெல்லிசான இலை, உள்ளே குழலாக இருக்கும். ஊதா நிறத்தில் உருண்டையாகப் பூக்கும். கிழங்கு சொல்லிக்கொள்ளும்படி பெருக்காது, இலைக்காகவே வளர்க்கிறார்கள். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் குளிர்ந்த பகுதிகளில் தானாக வளர்கிற செடி. இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு. வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, சூப், மீன் இவற்றின் மேல் பொடியாக நறுக்கித் தூவுவார்கள். அதிகம் வெந்தால் வாசனை போய்விடும் என்பதால் இறக்குகிற நேரத்தில்தான் போடுவார்கள்.

நல்ல செடிதான். அதன் மேல் யாருக்கும் பகை இல்லை. பிரச்சினை அதை எங்கே, என்ன சொல்லி விற்கிறார்கள் என்பதில்தான்.

அந்தச் செடியின் சுபாவத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் மேல்பகுதி காய்ந்து, தரைக்கடியில் தூங்கி, வசந்தம் வந்ததும் மறுபடி தளிர்க்கிற பழக்கம் உள்ளது. விதை நன்றாக முளைப்பதற்கு 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். அப்படியும் முளைக்க இரண்டு, மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். திருச்செந்தூரில் கடற்காற்று அடிக்கிற மார்கழி இரவிலேயே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கு மேல் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெங்காயக் குடும்பத்து விதைகள் எல்லாமே ஆயுசு குறைந்தவை. ஒன்றிரண்டு வருஷத்தில் முளைப்புத்திறன் விழுந்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். குளிர்சாதன அறையில் இருக்க வேண்டிய விதை, கோடையில் லாரியிலும் கிடங்கிலும் வெந்து, கடைசியில் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் ஒரு அலமாரியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? பாதி செத்த விதைதான் கைக்கு வரும். அதை வாங்கியவர் ராசியில்லாதவராம்!

அடுத்து, கூடவே வரும் குறிப்புகள். "கடைசிப் பனி முடிந்ததும் விதைக்கவும்" என்று ஒரு வரி. திருச்செந்தூரில் உறைபனியை யார் பார்த்தார்கள், முதல் பனி எது, கடைசிப் பனி எது? "தெற்கு பார்த்த ஜன்னலில் வைக்கவும்" என்று இன்னொரு வரி. லண்டனில் அது சரி. அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், குளிர்காலத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் தெற்கு ஜன்னல்தான் கதி. திருச்செந்தூர் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை டிகிரியில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். "நாள் முழுக்க நல்ல வெயில் படட்டும்" என்பது மூன்றாவது வரி. இங்கிலாந்தின் நல்ல வெயில் என்பது இங்கே மார்கழிக் காலை வெயில். அந்த வரியை நம்பி மொட்டை மாடித் தரையில் கறுப்பு பிளாஸ்டிக் பையில் வைத்த செடிக்கு நடப்பது வளர்ப்பு இல்லை, வறுப்பு.

இந்த மூன்று வரிகளையும் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊருக்கு அது உண்மை. அதைத் தமிழாக்கிப் போட்டவர்தான் ஊரைப் பார்க்காமல் எழுதினார். மொழியை மாற்றினால் போதும், வெயில் தானாக மாறிவிடும் என்று நினைத்துவிட்டார் போல. தமிழில் இருப்பதாலேயே அது தமிழ்நாட்டுக்கான குறிப்பு ஆகிவிடாது. நம்பி வாங்குபவருக்கு இது தெரிய வழியில்லை. எழுதியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மாற்று என்ன?

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பெரிய வெங்காயத்துக்குப் பெயர் பல்லாரி. சின்ன வெங்காயத்துக்குப் பெயர் உள்ளி. பெயரிலேயே வரலாறு இருக்கிறது. பெரியது பல்லாரிச் சீமையிலிருந்து வந்த சரக்கு, சின்னது வீட்டுப்பிள்ளை. இந்த உள்ளிக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றை நட்டால் பிளந்து பலவாகும். விதை தேவையில்லை, கிழங்கே விதை. இதே மாவட்டத்தின் வடக்கே, விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாகவே விளைகிறது. இந்த வெயில் அதற்குப் புதிதில்லை. ஆடி, ஆவணியில் கூடையில் கிடந்தபடியே பச்சை மூக்கை நீட்டுகிற உள்ளியைப் பார்க்காத அடுக்களை இங்கே உண்டா? அந்தப் பச்சை மூக்குதான் விஷயம். முளைத்துவிட்டது, இனி குழம்புக்கு ஆகாது என்று எறிகிறார்கள். உண்மையில் அது "என்னை நடு" என்று கேட்கிறது.

நடுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அரை அடி ஆழமுள்ள எந்தப் பாத்திரமும் போதும். ஓட்டை விழுந்த வாளி, உடைந்த பானையின் அடிப்பாதி, எண்ணெய் டின், எதுவானாலும் சரி. ஒரே நிபந்தனை, அடியில் நாலைந்து துளை இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் உள்ளி அழுகிவிடும், அதற்கு மன்னிப்பே கிடையாது. மண்ணுக்கும் அலைய வேண்டாம். ஊரைச் சுற்றியுள்ள தேரியின் செம்மணல் தண்ணீரை வேகமாக வடிக்கும், ஆனால் சத்து இல்லை. அதில் பாதிக்குப் பாதி மக்கிய சாணமோ ஆட்டாம்புழுக்கையோ கலந்தால் கணக்கு சரியாகிவிடும். முளைத்த உள்ளியை, கூர்நுனி மேலே தெரியும்படி, விரல் அகல இடைவெளியில் பதிக்க வேண்டும். காலை வெயில் படுகிற, மதியம் சுவர் நிழல் விழுகிற இடம் நல்லது. கிழக்கு பார்த்த திண்ணை இருந்தால் பாக்கியம். மூன்று வாரத்தில் தாள் ஒரு சாண் உயரம் வந்துவிடும். அடியில் இரண்டு விரல்கடை விட்டு மேலே நறுக்கிக்கொள்ளலாம். மறுபடி தளிர்க்கும். இரண்டு, மூன்று அறுப்புக்குப் பிறகு கிழங்கு சோர்ந்துவிடும். அப்போது பிடுங்கிக் குழம்பில் போட்டுவிட்டு, கூடையிலிருந்து அடுத்த முளையை எடுத்து நட்டால் ஆயிற்று. மாதம் ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி வைத்தால் வருஷம் முழுக்கத் தாள் கிடைக்கும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு தொட்டிக்கு 20 உள்ளி. ஒன்று 10 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 200 கிராம். கிலோ 60 ரூபாய் என்றால் 12 ரூபாய். கிலோ 100 ரூபாய்க்கு ஏறினாலும் 20 ரூபாய்தான். அதுவும் எறியப் போகிற முளைத்த உள்ளி என்றால் செலவே இல்லை. முளைத்தால் உண்டு, முளைக்காவிட்டால் இல்லை என்கிற சூதாட்டமும் இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே முளைத்துவிட்டது! விதைப் பொட்டலத்துக்குக் கொடுக்கிற காசு எங்கேயோ இருக்கிற ஒரு கிடங்குக்குப் போகிறது. அதே காசுக்கு உள்ளி வாங்கினால் அதில் கொஞ்சமாவது விளாத்திகுளத்துச் சம்சாரி வீட்டுக்குப் போகும்.

கடற்கரை வீடுகளில் ஒரே ஒரு எதிரி உண்டு, அது உப்பு. இதைப் பற்றித்தான் குறிப்பு எழுதுகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. பயிர்களில் உப்பைத் துளியும் தாங்காதவற்றின் வரிசையில் வெங்காயம் முன்னால் நிற்கிறது. மண்ணின் உப்பு மின்கடத்து அளவில் 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே விளைச்சல் இறங்கத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் சுமார் 16 சதவீதம் விழும் என்பது வேளாண் பாடப்புத்தகக் கணக்கு. சைவ்ஸும் அதே குடும்பம், அதற்கும் உப்பு ஆகாது. ஆக, கரிக்கிற போர் தண்ணீரை ஊற்றினால் எந்த உள்ளியும் பிழைக்காது. அமலிநகர், ஆலந்தலை மாதிரி மீன்பிடிக் கரைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பச்சை மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு உரம்தான் (பூனை வந்து தொட்டியைக் கிளறும், அது வேறு கதை). ஆனால் கருவாடு ஊறிய தண்ணீரை ஊற்றினால் செடி அன்றோடு முடிந்தது. அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், இவை போதும், தாராளமாகப் போதும். மாடித்தோட்டக்காரர்கள் சிபாரிசு செய்கிற தென்னைநார்க் கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று தடவை ஊறவைத்துக் கழுவிப் பிழியாமல் போட்டால் அந்த உப்பு அப்படியே வேருக்குப் போகும். செடி செத்த வீடுகளில் எத்தனை செடி இந்தக் கழுவாத கட்டியால் செத்ததோ!

இனி எதிர்வாதங்கள். யோசிக்கத் தகுந்தவை சில இருக்கின்றன.

முதல் எதிர்வாதம்: "ருசி ஒன்றா?" ஒன்று இல்லை. சைவ்ஸின் காரம் மென்மையானது, கொஞ்சம் புல் வாசம் கலந்தது. உள்ளித்தாளுக்குக் காரம் கூடுதல். ஆனால் இளந்தாளாகப் பார்த்து, மயிரிழையாக நறுக்கி, அடுப்பை அணைத்த பிறகு தூவினால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். முட்டைப் பொடிமாஸில், பாசிப்பருப்புக் கூட்டில், தேங்காய்ப்பால் சொதியின் மேல் தூவிப் பார்த்தால் தெரியும். இன்னும் சொல்லப் போனால், இவற்றுக்கு உள்ளித்தாளின் காரம்தான் பொருந்தும். புளிப்புத் தயிரும் வெந்த உருளைக்கிழங்கும் சாப்பிடுகிற ஊரில் சைவ்ஸ் அந்த ஊர்ச் சாப்பாட்டோடு சேர்ந்து வளர்ந்தது. இங்கே அதைத் தொட்டுக்கொள்ள எந்தப் பதார்த்தமும் இல்லாமல், முதலில் இலையை வளர்த்துவிட்டுப் பிறகு அதற்கேற்ற சாப்பாட்டைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது: "வெப்பத்தைத் தாங்கும் வகையும் இருக்கிறதே?" உண்மை. பூண்டு வாசனையுள்ள தட்டையான இலை கொண்ட சீன வகை ஒன்று உண்டு, அல்லியம் டியூபரோசம். மலேசியாவில் அதைக் கூச்சாய் என்பார்கள். பினாங்குத் தெருக்கடைகளில் சார் குவே தியோ நூடுல்ஸில் அதைப் பார்க்கலாம். அதை வளர்க்க விரும்புகிறவர் ஒரு வேர்த்தூரை நண்பரிடம் வாங்கித் தாராளமாக வளர்க்கட்டும். ஆனால் பொட்டலத்தின் மேல் "சைவ்ஸ்" என்று மட்டும் எழுதி எந்த வகை என்று சொல்லாமல் விற்பதை என்ன சொல்வது? வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயமே அதுதானே.

மூன்றாவது: "இது அந்நியச் செடி வெறுப்பு இல்லையா?" இல்லவே இல்லை. அந்தப் பாட்டுப் பாடுகிற கூட்டம் ஒன்று தனியாக இருக்கிறது, அவர்களுக்கும் இந்த வாதத்துக்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டுச் செடி கூடாது என்றால் முதலில் மிளகாயை விட வேண்டும். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. அதே போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையான இந்தக் கரையில்தான் வந்து இறங்கினார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி எல்லாமே அப்படி வந்தவைதான். அவ்வளவு ஏன், வெங்காயமே மத்திய ஆசியாப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி என்கிறார்கள் தாவரவியலார். செடிக்குப் பாஸ்போர்ட் கேட்கத் தேவையில்லை. இந்த வெயிலும் இந்தத் தண்ணீரும் உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டால் போதும். மிளகாய் "ஒத்துக்கொள்ளும்" என்றது, தங்கிவிட்டது. சைவ்ஸ் "ஒத்துக்கொள்ளாது" என்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது வேறு பதில் சொல்லலாம். அங்கே இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கட்டும்.

இந்தியாவிலேயே இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. மணிப்பூரில் மைதேயிகள் வீட்டைச் சுற்றி இங்கோல் என்ற வீட்டுத்தோட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் மரோய் என்று பொதுவாக அழைக்கப்படும் வெங்காயக் குடும்பத்து இலைச்செடிகளை வளர்ப்பது வழக்கம். அவர்களுடைய ஏரோம்பாவில் அந்த இலை விழாமல் இருக்காது. வெங்காயம், பூண்டை ஒதுக்குகிற வைணவ வீடுகளிலும் மரோய்க்கு இடமுண்டு. உத்தரகண்டின் உயர மலைக் கிராமங்களில் ஜம்பு என்றொரு இலை. அதைக் காயவைத்து வைத்துக்கொண்டு பருப்புக்குத் தாளிப்பார்கள். நேபாளத்தில் அதன் உறவுக்கார இலைகளுக்கு ஜிம்பு என்று பெயர். இவர்கள் யாரும் பக்கத்து நாட்டுப் பொட்டலத்துக்காகக் காத்திருக்கவில்லை. தங்கள் மண்ணில் எது வருமோ அதை எடுத்து, அதைச் சுற்றிச் சமையலைக் கட்டினார்கள். சின்ன உள்ளித்தாளுக்குத் தமிழ்நாட்டில் அந்த மரியாதை இல்லை. சீனச் சாப்பாடு என்று தெருக்கடையில் வறுத்த சோற்றின் மேல் தூவினால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

நான்காவது எதிர்வாதம் வேறு திசையிலிருந்து வரும்: "வெறும் தாளோடு ஏன் நிறுத்த வேண்டும்? ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டிய மொத்தக் காய்கறியையும் தானே விளைவித்துத் தன்னிறைவு அடைய வேண்டாமா?" கேட்க நன்றாக இருக்கிறது. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் பை, நார்க்கழிவுக் கட்டி, விதை எல்லாம் சேர்த்து மாடித்தோட்டத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம், பலருக்கு மண்ணில் கை வைக்கிற சந்தோஷம் கிடைத்தது. ஆனால் பத்துப் பைகளில் ஒரு குடும்பத்தின் காய்கறி விளையும் என்று சொல்வது மேடைப் பேச்சு. நாலு பேர் உள்ள வீட்டின் கத்தரிக்காய், தக்காளி, வெண்டைக்காய்த் தேவைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அந்த நேரம் யாருடையது? பெரும்பாலான வீடுகளில் அது அந்த வீட்டுப் பெண்ணுடையது. குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தில் சுமந்து மாடி ஏறுவதும் அவர்தான். உபதேசம் செய்கிறவர் வாளியைத் தூக்குவதில்லை.

தன்னிறைவு என்ற பேச்சுக்கு இந்த வட்டாரமே 2023 டிசம்பரில் ஒரு பதில் சொன்னது. டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் பெய்தது இந்த மாவட்டத்தில் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தோட்டமாவது தொட்டியாவது, எல்லாம் போயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றது. அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள், தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். ஆபத்துக்கு உதவியது தனித்தனி வீட்டின் தன்னிறைவு அல்ல, பக்கத்து ஊர்க்காரர்களின் அடுப்பு. அடுக்களைத் தோட்டத்தின் மேல் அது சுமக்க முடியாத பாரத்தை ஏற்றி, கடைசியில் அது தோற்றுவிட்டது என்று சொல்வதும் அநியாயம்.

அப்படியானால் வீட்டில் எதை வளர்ப்பது? கொஞ்சமாக வேண்டியது, அடிக்கடி வேண்டியது, வாங்கி வைத்தால் வாடிவிடுவது. இந்த மூன்றும் சேர்ந்த சரக்கை மட்டும் வளர்த்தால் போதும். உள்ளித்தாள், கறிவேப்பிலை, புதினா, மல்லித்தழை, இவ்வளவுதான் பட்டியல். (மல்லிக்கும் கோடை ஆகாது, மழைக்குப் பிந்திய மாதங்களில் போடுவது உத்தமம்.) நாலு ரூபாய்க்கு ஒரு பிடித் தாள் தேவைப்படும்போது பத்து ரூபாய்க்குக் கட்டு வாங்கி, மீதியை மூன்றாம் நாள் அழுகவிட்டு எறிவது மிச்சமாகும். பத்தே நாளில் பலன் கண்ணுக்குத் தெரியும். முதல் தொட்டி ஜெயித்தால் இரண்டாவது தொட்டிக்குத் தானே மனசு வரும். முதல் தொட்டியே சைவ்ஸாக இருந்து செத்துப் போனால் இரண்டாவது தொட்டி வராது. உண்மையான நஷ்டம் அந்தப் பொட்டலத்தின் விலை அல்ல. மண்ணைத் தொட ஆசைப்பட்ட ஒருவரை "எனக்கு வராது" என்று நம்பவைத்ததுதான் நஷ்டம். அந்த நம்பிக்கையை ஒருவர் மனசில் விதைத்துவிட்டால் அதைப் பிடுங்குவது கஷ்டம், அதற்கு மட்டும் எந்த வெயிலும் ஒத்துக்கொள்ளும்.

இதில் பொறுப்புள்ளவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. விதை விற்கிறவர்கள் பொட்டலத்தின் மேல் மூன்றே விஷயத்தைக் கண்ணில் படும்படி அச்சிடட்டும்: எந்த வகை, எந்த வெப்பநிலைக்கு ஏற்றது, விதை எடுத்த மாதம் எது. தமிழில் தோட்டக் குறிப்பு எழுதுகிறவர்கள் எந்த ஊரில் வளர்த்துப் பார்த்து எழுதுகிறார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லட்டும். வளர்த்தே பார்க்கவில்லை என்றால் அதையும் சொல்லட்டும். இதே மாவட்டத்தில் கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே இருக்கிற அறிவு கடற்கரை வீட்டுத் திண்ணை வரை வந்து சேர வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் என்ன போடலாம், எந்த மாதத்தில் போடலாம் என்று ஒரே பக்கத்தில் அச்சிட்டு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால்கூடப் போதும். பள்ளிகளில் சத்துணவுக்காகச் சமையல்தோட்டம் போட வேண்டும் என்று மத்திய அரசு 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தத் தோட்டத்தின் முதல் வரிசையில் சத்துணவுக் கூடத்தில் முளைத்துப்போன வெங்காயத்தை நட்டால், விதைக்கு நிதி ஒதுக்கவில்லை என்ற சாக்குக்கே இடமில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை மூன்று வாரத்தில் தாள் அறுத்துக் கொடுக்கும்.

பெரியார் மேடையில் எதையாவது ஒன்றுமில்லாதது என்று சொல்ல வேண்டுமானால் "வெங்காயம்" என்பார். அந்தச் சொல்லை இன்றைக்கு எதற்குச் சொல்வது என்றால், பளபளப்பான பொட்டலத்துக்கும் பனி முடிந்ததும் விதைக்கச் சொல்லும் குறிப்புக்கும் சொல்லலாம். கூடையில் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற நிஜமான வெங்காயத்துக்குச் சொல்ல முடியாது. அதைக் குப்பைக்கூடையில் போடாமல் ஒரு ஓட்டை வாளியில் நட்டுவைத்தால் போதும், மூன்று வாரத்தில் கைராசி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.